கிருமியின் புரதம் நம் செல்லுக்குள் போவது எப்படி?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் மகளுக்காக ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கிருமி செல்லுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் புரதங்கள் உள்ளே போய்விடுகின்றன என்று பாடக்குறிப்பில் இருக்கிறதாம். புரதம் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைத் தாண்டாது என்று அதற்கு முந்தின பாடத்தில்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பிறகு இது எப்படி என்பது முதல் கேள்வி. ஒரே பெயருள்ள கிருமியில் ஒரு வகை ஆளையே சாய்த்துவிடுகிறது, இன்னொரு வகை ஒன்றும் செய்வதில்லை, அது ஏன் என்பது இரண்டாவது. புரதத்தைக் கடத்தக் கிருமியிடம் ஒரு கருவி இருக்கிறதாம், அதை மட்டும் மருந்து கொடுத்து அடைத்துவிட முடியாதா என்பது மூன்றாவது. நான் பல வருடங்களாக இதே துறையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புரதம் தானாகச் சவ்வைத் தாண்டாது, அது சரிதான். அதனால்தான் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவும் புரதத்தைக் கடத்துவதற்கென்றே தனியாக ஒரு கருவி கட்டிக்கொள்கின்றன. அந்தக் கருவிக்கான ஜீன்களை எடுத்துவிட்டால் கிருமி சாகாது, தட்டில் வளர்த்தால் நன்றாகவே பெருகும், ஆனால் நோய் தராது, அல்லது பெரிதாகத் தராது. பிளேக் நோயின் கிருமி இருக்கிறதே, யெர்சினியா, அதன் கடத்தும் கருவியும் அது அனுப்பும் புரதங்களும் ஒரு தனி பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய டிஎன்ஏ வளையத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வளையத்தை இழந்த யெர்சினியாவால் உடம்பின் வெள்ளை அணுக்களைச் சமாளிக்க முடியாது. இரண்டாவது கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இதுதான்: கிருமியின் பெயரைவிட, அதன் கையில் அந்தக் கருவி இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

சரி, தாண்ட வேண்டிய தடை எவ்வளவு பெரியது? வயிற்று நோய் தரும் சால்மோனெல்லா, ஷிகெல்லா, மேலே சொன்ன யெர்சினியா எல்லாம் கிராம்-நெகட்டிவ் என்ற வகை. அவற்றுக்கே உள்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு உண்டு, நம் செல்லின் சவ்வு மூன்றாவது. கிருமியின் உள்ளே தயாரான ஒரு புரதம் நம் செல்லுக்குள் போய்ச் சேர மூன்று கொழுப்புப் படலங்களைக் கடக்க வேண்டும். புரதமோ பெரியது, மடிந்து உருண்டு கிடப்பது, மேற்பரப்பு முழுக்க மின்னூட்டம். கொழுப்புக்கும் அதற்கும் ஒத்துவராது. பாடத்தில் வரும் "நச்சை வெளியிடுகிறது" என்ற ஒரு வரிக்குள் இந்த மூன்று தடைகளும் மறைந்துபோகின்றன என்பதுதான் என் குறை. பாக்டீரியாவைவிட்டு வெளியே வருவது ஒரு வேலை, நம் செல்லுக்குள் நுழைவது வேறொரு வேலை.

நச்சுகளில் இந்த இரண்டு வேலையும் தனித்தனியாகவே நடக்கிறது. காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி நச்சைக் குடலுக்குள் விட்டுவிடும், அதோடு அதன் பங்கு முடிந்தது. நச்சுக்குள்ளேயே இரண்டு பகுதிகள் இருக்கின்றன: வளையமாக அமைந்த ஐந்து பி துண்டுகள் குடல் செல்லின் மேல் இருக்கும் ஜிஎம்1 என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், செல் அதை ஏதோ தனக்கு வேண்டிய பொருள் என்று உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே போனபின் ஏ துண்டு பிரிந்து செல்லின் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே நிறுத்திவிடும். அப்புறம் செல் உப்பையும் தண்ணீரையும் கொட்டிக்கொண்டே இருக்கும், கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். இதை முதலில் நிரூபித்தவர் கல்கத்தாவில் வேலை பார்த்த சம்பு நாத் டே. 1959ல், கிருமியை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தை முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தி, கிருமியே இல்லாமல் அந்தத் திரவம் மட்டும் குடலை வீங்கவைக்கிறது என்று காட்டினார். மிக எளிமையான, மறுக்கவே முடியாத சோதனை. அவருக்குக் கிடைக்கவேண்டிய பெயர் அவர் காலத்தில் கிடைக்கவில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதே வடிகட்டும் சோதனையைச் சால்மோனெல்லாவிடம் செய்து பாருங்கள், செல்லுக்குள் நுழையும் அந்தக் காரியம் நடக்காது. வடிகட்டிய திரவத்துக்குச் செல் அசையாது, உயிருள்ள கிருமியே வந்து செல்லைத் தொட்டாக வேண்டும். ஏனென்றால் இங்கே புரதம் வெளியே கலந்துவிடுவதில்லை, கிருமியின் உள்ளிருந்து நம் செல்லின் உள்ளுக்கு ஒரே பாதையில் போகிறது. அந்தப் பாதைதான் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு, கடத்தும் கருவிகளை இப்படி எண் வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். துறையில் இருக்கிறவர்கள் பேச்சுவழக்கில் ஊசி என்றே சொல்வார்கள். 1998ல் சால்மோனெல்லாவின் சவ்விலிருந்து அதைப் பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள், பார்த்தால் உண்மையாகவே ஊசிதான்: இரண்டு சவ்வுகளிலும் பதிந்த வளையங்கள், அவற்றின் நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்.

அளவைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். வெளியே நீளும் குழாய் 80 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இதைப்போல ஆயிரத்தை நுனியோடு நுனியாக வைத்துவிடலாம். குழாயின் உள்துவாரம் 2 முதல் 3 நானோமீட்டர்தான். மடிந்த நிலையில் ஒரு சராசரிப் புரதம் அதற்குள் நுழையவே நுழையாது. அதனால் கிருமி புரதத்தைப் பிரித்து நீட்டி, ஒற்றைச் சங்கிலியாக்கி அனுப்புகிறது. அனுப்பவேண்டிய ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் முன்முனையில் ஓர் அடையாளத் தொடர் இருக்கும். பலவற்றுக்குத் துணைப்புரதம் ஒன்றும் கூடவே இருக்கும், அது புரதத்தை முழுதாக மடியவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கருவியின் அடியில் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழிக்கும் ஓர் என்சைம் உட்கார்ந்திருக்கிறது, துணைப்புரதத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போகவேண்டியதை விரிப்பது அதன் வேலை. 2005ல் சால்மோனெல்லாவில் இதைச் சோதனைக்குழாயிலேயே செய்து காட்டினார்கள். மறுமுனையில் வெளியே வந்த சங்கிலி நம் செல்லுக்குள் மறுபடி மடிந்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும். தொடங்கியதிலிருந்து சில நிமிடங்கள்தான்.

ஊசி என்ற பெயரால் ஒரு தவறான எண்ணமும் வந்துவிடுகிறது, அதை இங்கேயே சரிசெய்துவிடலாம். இந்தக் கருவி நம் செல்லைக் குத்துவதில்லை. அழுத்தித் தள்ளும் தண்டும் இதில் கிடையாது. குழாயின் நுனியில் ஒரு புரதம் காவல் இருக்கிறது. அது செல்லின் சவ்வு பக்கத்தில் வந்துவிட்டதை உணர்ந்ததும் முதலில் இரண்டு புரதங்கள் வெளியே வரும், அவை நம் செல்லின் சவ்விலேயே போய்ப் பதிந்து ஒரு துளையை அமைக்கும். அதற்கப்புறம்தான் உண்மையான சரக்கு கிளம்பும். எது முதலில் போகவேண்டும், எது பின்னால் போகவேண்டும் என்ற வரிசை இந்தக் கருவியில் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. கருவியைக் கட்டும்போதும் அப்படித்தான், குழாய் போதுமான நீளம் வந்ததும் குழாய்ப் புரதம் அனுப்புவதை நிறுத்திவிட்டு அடுத்த வகைக்கு மாறிக்கொள்கிறது. மூளை, நரம்பு எதுவும் இல்லாத, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நீளமே உள்ள ஓர் உயிரில் இது நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

இப்போது உள்ளே போனது என்ன செய்கிறது என்று பார்ப்போம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சால்மோனெல்லா நம் குடல் செல்லைத் தொட்டதும் அனுப்பும் புரதங்களில் ஒன்று ஸாப்-இ. இது நம் செல்லின் எலும்புக்கூடாகிய ஆக்டின் இழைகளை இயக்கும் சுவிட்சுகளை, ரேக், சிடிசி42 என்று பெயர், 'ஆன்' செய்துவிடும். உடனே செல்லின் மேற்பரப்பு அலையலையாக எழும்பி, மடிந்து, பக்கத்தில் இருக்கும் கிருமியை அப்படியே உள்ளே வாரிக்கொள்ளும். விழுங்கும் பழக்கமில்லாத செல்லுக்குள் கிருமி தானாக நுழையவில்லை, செல்லே அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அமைதியாக இருந்த செல் சில நிமிடங்களில் கொந்தளிப்பது தெரியும். ஆனால் அந்தக் கொந்தளிப்பு நீடித்தால் செல் செத்துவிடும், கிருமிக்குக் குடியிருக்க இடமில்லை. அதனால் அதே நேரத்தில் எஸ்பிடிபி என்ற இன்னொரு புரதத்தையும் அனுப்பி வைக்கிறது, இது அதே சுவிட்சுகளை 'ஆஃப்' செய்யும்.

இங்கே எந்த மாணவரும் கேட்கவேண்டிய கேள்வி: ஒன்றை ஆன் செய்வதும் இன்னொன்று ஆஃப் செய்வதும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் ஒன்றையொன்று அடித்துவிடாதா? 2003ல் இதற்குப் பதில் கிடைத்தது. ஸாப்-இ உள்ளே போனதும் நம் செல்லின் குப்பைப் புரதங்களை நொறுக்கும் புரோட்டியசோம் அதைச் சீக்கிரமே நொறுக்கிவிடுகிறது. எஸ்பிடிபி அப்படி நொறுங்குவதில்லை, மணிக்கணக்கில் தங்குகிறது. ஆக, முதலில் கொந்தளிப்பு, பிறகு அமைதி. நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பதற்குக் கிருமி தனியாகக் கடிகாரம் எதையும் அனுப்பவில்லை, நம் செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. நச்சு என்ற சொல் இந்த இடத்தில் எவ்வளவு போதாது என்று பாருங்கள். இவை செல்லைக் கொல்ல வந்தவை இல்லை, செல்லை வேலை வாங்க வந்தவை.

இன்னொரு உதாரணம், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு வகை ஈ. கோலை. அது குடல் செல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் செல்லின் சவ்வு ஒரு சிறு மேடையாக உயர்ந்து கிருமியைத் தாங்கி நிற்கும். கிருமியின் இன்டிமின் என்ற புரதம் செல்லின்மேல் இருக்கும் ஓர் ஏற்பியைப் பிடிக்கிறது என்பது தெரிந்திருந்தது, அந்த ஏற்பி மனிதச் செல்லின் சொந்தப் புரதம் என்றே ஆய்வாளர்கள் நினைத்தார்கள். 1997ல் கனடாவில் ஒரு குழு அதைத் தோண்டிப் பார்த்தபோது அது மனிதப் புரதமே இல்லை, கிருமியே தயாரித்து ஊசி வழியாக உள்ளே அனுப்பிச் செல்லின் சவ்வில் பதிய வைத்தது என்று தெரிந்தது. பிடித்துக்கொள்ள ஏற்பி இல்லாத வீட்டுக்குத் தன் ஏற்பியைத் தானே கொண்டு வந்த கிருமி. டிர் என்று அதற்குப் பெயர்.

இவ்வளவையும் எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள், உள்ளே போனதா வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று உங்கள் மகள் கேட்டால், ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வதைச் சொல்லுங்கள். கிருமி அனுப்பும் புரதத்தின் வாலில் பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைமை ஒட்டிவிடுவோம், பென்சிலினை உடைக்கும் அதே என்சைம்தான். மனிதச் செல்களுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி வைப்போம், ஊதா ஒளி பட்டால் அது பச்சையாக மின்னும். பிறகு கிருமியைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புரதம் செல்லுக்குள் போயிருந்தால் வாலில் இருக்கும் என்சைம் சாயத்தை உடைக்கும், உடைந்த சாயம் நீலமாக மின்னும். பச்சைத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலச் செல்கள் தெரிய ஆரம்பித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடிக்கொண்டு போகும். பக்கத்துக் குழியில் ஊசி இல்லாத கிருமியைப் போட்டிருப்போம், அங்கே கிருமி செல்லைச் சுற்றி மொய்த்தாலும் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைக் குழிதான் என் பார்வையில் சோதனையின் உயிர். அது இல்லாவிட்டால் நீலத்துக்கு அர்த்தம் இல்லை.

ஊசி ஒன்றுதான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். லெஜியோனெல்லாவிடம் இருப்பது நான்காம் வகை, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் டிஎன்ஏவைக் கைமாற்றிக்கொள்ளும் கருவியின் உறவுக்காரக் கருவி. 1976ல் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டில் பரவிய நிமோனியாவால் தெரிய வந்த கிருமி இது. கட்டடங்களின் குளிர்கோபுரத் தண்ணீரில் வளரும், அங்கிருந்து கிளம்பும் நுண்திவலையை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். சிங்கப்பூரில் குளிர்கோபுரங்களைச் சுத்தம் செய்யவும் தண்ணீரைச் சோதிக்கவும் சட்ட விதிகள் இருப்பது இதற்காகத்தான். இயற்கையில் அது அமீபாக்களுக்குள் வாழ்கிற ஆள், அங்கே பழகிய வித்தையைத்தான் நம் நுரையீரல் வெள்ளை அணுக்களிடமும் காட்டுகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட வெவ்வேறு புரதங்களை உள்ளே அனுப்புகிறது. கருவி கெட்டுப்போன லெஜியோனெல்லாவை வெள்ளை அணு விழுங்கினால் நேரே செரிமானப் பைக்குக் கொண்டுபோய்ச் செரித்துவிடும். கருவி நன்றாக இருந்தால் அதே வெள்ளை அணு கிருமியைச் சுற்றித் தன் சொந்தச் சவ்வுகளால் ஓர் அறை கட்டிக்கொடுக்கும். மறுபடியும் அதே கதை, கிருமி ஒன்றுதான், கருவி இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரியும் நான்காம் வகைக்காரன்தான், காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் உள்ளே போய்ச் செல் வளர்ச்சிக்கான சமிக்ஞைகளைக் குழப்புகிறது, காக்-ஏ உள்ள வகைகளால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதல். எண்டோஸ்கோபியில் இந்தக் கிருமி இருக்கிறது என்று மருத்துவர் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிடுங்கள்.

அடுத்து, நம்மில் பலருடைய கையில் தழும்பாகவே இருக்கும் சாட்சி. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைக்குக் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா, அந்தத் தடுப்பூசிக் கிருமியை கால்மெட், கெரின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கும் பித்தநீரும் கலந்த ஊடகத்தில் ஏறக்குறைய 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து உருவாக்கினார்கள். கிருமி மெல்ல மெல்ல வீரியம் இழந்தது. ஏன் இழந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை, அன்றைக்கு ஜீன் எதனால் ஆனது என்பதே யாருக்கும் தெரியாது. எழுபத்தைந்து வருடம் கழித்து, 1996ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது பிசிஜியில் டிஎன்ஏவின் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது, ஆர்டி1 என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துண்டில் இருந்தது வேறெதுவும் இல்லை, ஏழாம் வகைச் சுரப்பு அமைப்பு ஒன்றின் முக்கியப் பாகங்களும் அது அனுப்பும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களும்தான். வெள்ளை அணு விழுங்கி அடைத்து வைத்த பையை உடைத்துச் செல்லின் உட்பகுதியோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் காசநோய்க் கிருமிக்கு அந்த அமைப்பு தேவைப்படுகிறது. பிசிஜி வேறு சிலவற்றையும் இழந்திருக்கிறது, இருந்தாலும் வீரியம் போனதற்கு முதன்மையான காரணம் இது என்று 2002ல் பிசிஜியில் ஜீன்களைத் திருப்பிப் போட்டும், 2003ல் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தும் காட்டினார்கள்.

இதில் நமக்கு நேரடிப் பயன் ஒன்றும் உண்டு. பிசிஜி போட்டவருக்குக் காசநோய்க்கான பழைய தோல் பரிசோதனை செய்தால் காசநோய்க் கிருமி இல்லாமலேயே வீங்க வாய்ப்பு உண்டு. இப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 இரண்டையும் காட்டி உங்கள் வெள்ளை அணுக்கள் அவற்றை அடையாளம் தெரிந்துகொள்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பிசிஜியில் அவை இல்லாததால் தடுப்பூசியால் குழப்பம் வராது. தொற்று இருந்தால்தான் செல்கள் பதில் சொல்லும்.

சிங்கப்பூர் மண்ணிலேயே இருக்கும் ஒரு கிருமியைச் சொல்லாமல் விட முடியாது. மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி, பர்கோல்டேரியா சூடோமாலை. 1912ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இருவர் முதலில் விவரித்தார்கள். ஈரமான மண்ணில் வாழும், பெருமழைக்குப் பின் நோயாளிகள் கூடுவார்கள், நீரிழிவு உள்ளவர்களுக்கு அபாயம் மிக அதிகம். நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்று சொல்லவேண்டியதில்லை. காலில் புண்ணோடு வெறுங்காலாக மழைச் சேற்றில் நடப்பதும் தோட்டவேலை செய்வதும் வேண்டாம். இந்தக் கிருமி இரண்டு கருவிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறது. செல்லுக்குள் விழுங்கப்பட்டதும் மூன்றாம் வகை ஊசியைக் கொண்டு தன்னை அடைத்த பையிலிருந்து தப்பித்துச் செல்லின் திரவத்துக்குள் வரும். அங்கே வந்ததும் ஆறாம் வகைக் கருவியை எடுக்கும். இது வைரஸ் ஒன்றின் வாலைப் போன்ற அமைப்பு, உறை சட்டென்று சுருங்கி உள்ளிருக்கும் குழலை வெளியே அடித்துத் தள்ளும், காலரா கிருமியில் அளந்தபோது ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் ஆனது. பர்கோல்டேரியா இதைக் கொண்டு பக்கத்துச் செல்லின் சவ்வையும் இந்தச் செல்லின் சவ்வையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. செல்கள் கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாகின்றன, கிருமி வெளியே தலைகாட்டாமலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது, ரத்தத்தில் காத்திருக்கும் எதிர்ப்பொருள் எதுவும் அதைத் தொட முடியாது.

பைக்குள் இருக்கிறோமா, செல்லின் திரவத்துக்குள் வந்துவிட்டோமா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கண்டுபிடித்தது கெண்ட் ரிட்ஜில் இருக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு, 2015ல். நம் செல்லின் திரவத்தில் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு ஏராளமாக இருக்கும். கிருமியின் சவ்வில் இருக்கும் ஓர் உணரி அதைக் கண்டதும், ஆறாம் வகைக்கான ஜீன்கள் இயங்கத் தொடங்குகின்றன. வந்து சேர்ந்த இடத்தைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கருவியை எடுக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அடைக்க முடியாதா? முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள், யோசனையும் நல்ல யோசனைதான்: கிருமியைக் கொல்லாமல் கருவியை மட்டும் செயலிழக்கச் செய்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சேதமில்லை, எதிர்ப்புத்திறன் வளர்வதற்கான அழுத்தமும் குறையலாம். ஆய்வுக்கூடத்தில் ஊசியைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள் பல கிடைத்திருக்கின்றன. ஆனால் உள்நோயாளிப் பிரிவுவரை வந்து வென்ற மருந்து இல்லை. நிமோனியா உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமியின் ஊசி நுனிப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்றைச் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நிமோனியா குறையவில்லை. என் கருத்து, இதில் சிக்கல் நேரம்தான். நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது ஊசி தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருக்கும். முன்கூட்டியே காப்பதற்குத்தான் இந்த வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நம் உடம்பும் சும்மா இல்லை. வெள்ளை அணுக்களுக்குள் நைப் என்ற காவல் புரதம் இருக்கிறது, ஊசியின் குழாய்ப் புரதம் தவறி உள்ளே வந்துவிட்டால் அதை அடையாளம் கண்டு அபாய மணி அடித்து, செல்லையே வெடிக்கச் செய்து கிருமியின் குடியிருப்பைக் கலைத்துவிடும். கிருமி அனுப்பும் புரதங்கள் ஆயிரம் விதம், ஆனால் ஊசியின் பாகங்கள் கிருமிக்குக் கிருமி பெரிதாக மாறுவதில்லை, அதனால் உடம்பு ஊசியையே கவனிக்கிறது. சால்மோனெல்லா அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது: செல்லுக்குள் போனபின் அது பயன்படுத்தும் இரண்டாவது ஊசியின் ஒரு பாகம், இந்தக் காவலாளியின் கண்ணில் படாதபடி மாறியிருக்கிறது.

நெற்பயிர் செய்திருப்பது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ், ஊசி வழியாகத் தாவரச் செல்லுக்குள் சில புரதங்களை அனுப்பும், அவை நேரே உட்கருவுக்குப் போய்த் தாவரத்தின் ஜீன்களில் தனக்கு வேண்டியதை இயக்கிவிடும். சிங்கப்பூரில் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2005ல் எக்ஸ்ஏ27 என்ற நெல் ஜீனைப் பிரித்தெடுத்தபோது ஆச்சரியமான ஒன்று தெரிந்தது. நோயைத் தாங்கும் நெல்லிலும் தாங்காத நெல்லிலும் அந்த ஜீன் தயாரிக்கும் புரதம் ஒன்றேதான். வித்தியாசம் ஜீனுக்கு முன்னால் இருக்கும் இயக்கப் பகுதியில்தான் இருந்தது: தாங்கும் நெல்லில், கிருமியின் புரதம் வந்து உட்காரும் இடம் அந்தத் தற்காப்பு ஜீனின் முன்னாலேயே இருக்கிறது. கிருமி தனக்காக ஒரு சுவிட்சைப் போடப்போய் நெல்லின் தற்காப்பைத் தானே போட்டுவிடுகிறது.

கருவியை அடைப்பது ஒரு பக்கம் இருக்க, அதையே நமக்காக வேலை வாங்கலாம் என்ற யோசனையும் வந்துவிட்டது. பூச்சிகளுக்கு நோய் தரும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா, தன் உடம்பிலிருந்து பிரிந்து தனியாகவே மிதக்கும் ஊசிகளைத் தயாரிக்கிறது, ஆறாம் வகைக்கு உறவான அமைப்பு. அமெரிக்காவில் பிராட் நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2023ல் அதன் நுனியில் இருக்கும், செல்லைப் பிடிக்கும் பகுதியை மாற்றி அமைத்து, பூச்சிச் செல்லுக்குப் பதில் மனிதச் செல்லைப் பிடிக்கும்படி செய்தது. உள்ளே நச்சுக்குப் பதில் தாங்கள் விரும்பிய புரதங்களை, ஜீன் திருத்தும் கேஸ்9 உட்பட, ஏற்றிப் பார்த்தார்கள், போய்ச் சேர்ந்தது. உயிருள்ள எலியின் மூளைச் செல்களுக்குள்ளும் புரதத்தைச் சேர்க்க முடிந்தது. மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. உங்கள் மகளுக்கு இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் புரதங்கள் எப்படி மடிகின்றன என்ற பாடத்தை முதலில் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், இதில் இருக்கும் வேலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.